நல்ல இடமாகப் பார்த்து

நவம்பர் 4

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், செய்ததை அன்றன்றைக்கே எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருப்பாய் என்று கிப்சன் சொன்னான். அதற்காக இந்த டைரி. ஒரு சிமெண்ட் ஏஜென்ஸிக்காரர் போன வருஷம் கொடுத்தது. கிழமைகள் பொருந்தாது. பரவாயில்லை.

பிரச்சினை இதுதான். என் கணினியில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரியானவை. வீடு கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாக்கிக் கொடுப்பது என் தொழில். இரண்டு கார்டும் சேர்ந்து வேலை செய்தால் ஒரு படம் மதியத்துக்குள் முடியும். ஒன்று மட்டும் என்றால் இருட்டிவிடும். ஒரு மாதமாகக் கணினியைத் தொடவில்லை. நேற்றுப் போட்டுப் பார்த்தால் திரையில் ஒரு கார்டுதான் காட்டுகிறது.

கிப்சன் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். முருகன்குறிச்சியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான்.

"எத்தன காட்டுது?"

"ஒண்ணுதான்."

"மூடியத் தொறந்து ரெண்டையும் கழத்தித் திரும்ப மாட்டு. முக்காவாசி அதுலயே சரியாயிரும்."

அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். முதலில் மென்பொருள்தான்.

செண்பகா குழந்தையோடு அம்பாசமுத்திரத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் பேசினாள். அதே கேள்வியைக் கேட்டாள். கணினி ரிப்பேர், பிறகு பேசுகிறேன் என்றேன்.


நவம்பர் 5

டிரைவரை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். கார்டு பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கிற மென்பொருள் அது. இப்போதும் ஒன்றுதான் காட்டுகிறது.

தோசை மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வெளியே வந்திருந்தது. துடைத்தேன். பிரிட்ஜ் கதவில் பட்டதை மட்டும், அங்கிருந்த பொட்டு கலையாமல், ஓரமாகத் துடைத்தேன்.


நவம்பர் 7

பின்னால் எடுத்துப் பார்க்கும்போது குழப்பம் வரக்கூடாது என்பதால் தேதிகளை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை. கணினியைத் திறந்து, இரண்டு கார்டுகளையும் கழற்றித் தூசி தட்டித் திரும்ப மாட்டினேன். போட்டுப் பார்க்கவில்லை. பூஜையன்று எந்த மெஷினையும் ஓட்டக்கூடாது என்று செண்பகா சொல்லியிருந்தாள்.

அக்டோபர் 2, செண்பகாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. எட்டாம் மாதம்.

அக்டோபர் 3, காலையில் பிரசவம். இரட்டைக் குழந்தைகள். முதலில் பையன், அடுத்து பெண். பையன் அன்று சாயங்காலம் வரைக்கும் இருந்தான். பெண் நன்றாக இருக்கிறாள். மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள்.

நவம்பர் 3, கணினியைப் போட்டேன். ஒரு கார்டைக் காணோம்.

ஆகவே பழுது, அக்டோபர் 1-க்கும் நவம்பர் 3-க்கும் இடையில் ஏற்பட்டிருக்கிறது. இடையில் கணினியை யாரும் தொடவில்லை.


நவம்பர் 8

கணினி எழும்போது முதலில் ஓடுகிற பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தேன். பலனில்லை. மழை.


நவம்பர் 10

கான்ட்ராக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். கே.டி.சி. நகரில் அவர் கட்டும் வீட்டுக்கு முகப்புப் படம் கேட்கிறார். போர்டிகோவுக்கு மேல் தும்பிக்கையைத் தூக்கியபடி இரண்டு யானை வேண்டுமாம். யானை நின்றால் வீட்டுக்காரர் நிற்க இடமிருக்காது என்றேன். "யான இருந்தாத்தான் சார் வீடு எடுப்பா இருக்கும்" என்கிறார். ஒரு கார்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். யானையின் காது மட்டும் வந்திருக்கிறது.

செண்பகா பேசினாள். ஊசி போடக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். எத்தனையாவது குழந்தை என்று அங்கே கேட்டார்களாம். இவள் "ரெண்டாவது" என்றிருக்கிறாள். உடனே அத்தை, "இல்லம்மா, தலைச்சன்தான், அவ ஏதோ நெனப்புல சொல்லுதா" என்று திருத்தியிருக்கிறார்.

"எனக்கு ஒரு நெனப்பும் இல்ல. எண்ணத் தெரியும்" என்றாள் செண்பகா. பிறகு கேட்டாள்: "அவன எங்க வச்சிருக்காவ?"

"நல்ல இடத்துல."

"நல்ல இடம்னா எங்க?"

கரண்ட் போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை.


நவம்பர் 11

யானை முடிந்தது. நிறம் பிடிக்கவில்லையாம்.


நவம்பர் 12

வண்டியை இரவு மழையில் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், முகப்பில் இருந்த சந்தனப் பொட்டு கரைந்து வழிந்துபோயிருந்தது. தகரத்தில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் இருந்தது.

ஆயுத பூஜைக்கு அவள் வீட்டில் எதையும் விடவில்லை. மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ், டி.வி., இஸ்திரிப் பெட்டி, நான் அளவெடுக்கிற டேப், கேஸ் அடுப்பு, வண்டி. நிறைமாசம் போல இருந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக ஒவ்வொன்றாகத் தேடித் தேடி வைத்தாள். ரிமோட்டைக்கூட விடவில்லை. ரிமோட்டுக்கு எதுக்கு என்றதற்கு, "அதுதான இந்த வீட்ல அதிகமா ஒழைக்குது" என்றாள்.

வண்டியை இனி படிக்கட்டுக்கு அடியில் ஏற்றி வைக்க வேண்டும்.


நவம்பர் 13

பவர் சப்ளை போதவில்லையோ என்று சந்தேகம். மூடியில் உள்ள சல்லடை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கார்டிலும் விசிறி சுற்றுகிறது. அப்படியென்றால் மின்சாரம் போகிறது. உயிர் இருக்கிறது, கணினிக்குத்தான் அது இருப்பது தெரியவில்லை.

கிப்சன் தானே வந்து பார்க்கிறேன் என்றான். வேண்டாம், மழை என்றேன். கணினியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னான். அதற்கும் மழை என்றேன்.

"மூடியத் தொறக்க மட்டும் என்னல தடுக்கு? உள்ள என்ன, பொதையலா வச்சிருக்க?"

திறக்கத் தேவைப்பட்டால் திறப்பேன் என்றேன்.


நவம்பர் 15

அத்தை பேசினார். இந்த மாதம் 30-ஆம் தேதி, ஞாயிறு, குழந்தைக்குப் பேர் வைக்க நாள் பார்த்திருக்கிறார்கள். "செண்பகா பிடி குடுக்க மாட்டேங்கா. அவர் பதில் சொல்லட்டும், பொறவு பேர் வைப்போம்னு ஒரே பிடிவாதம். என்ன பதில், மாப்ள? என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கா. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன். பிள்ளையப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

வருகிறேன் என்றேன். ஆனால் என்னால் போக முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பின அன்று கார் கதவைப் பிடித்துக்கொண்டு செண்பகா சொன்னது அத்தைக்குக் கேட்டிருக்காது. "தெரிஞ்சுட்டு வாங்க. தெரியாம வராதீங்க." கோபமாகச் சொல்லவில்லை. பால் வாங்கிட்டு வாங்க என்பது மாதிரிதான் சொன்னாள்.

எனக்குத் தெரியாது. அதுதான் விஷயம்.

பையன் போன அன்று கோபாலசமுத்திரத்திலிருந்து பெரியப்பா வந்தார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாமே அவர் பொறுப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "தலைச்சன்டே. தகப்பன் வரப்பிடாது. எடமும் வெளிய தெரியப்பிடாது. மந்திரவாதத்துக்கு மை எடுக்கிறவன் எவனும் தோண்டிருவான். தாய்க்காரிக்குத் தெரியவே பிடாது, தெரிஞ்சா அங்கயே கெடப்பா, அடுத்தது தங்காது. நீ உள்ள இருக்கிற பிள்ளையப் பாரு. இத நான் பாத்துக்கிடுதேன்." துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு நடந்தார். செருப்பு போட மறந்துவிட்டார், நான்தான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

திரும்பி வந்தவர், "நல்ல எடத்துலதான் வச்சிருக்கேன்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். செண்பகாவிடம் அதையே சொன்னேன். சொல்ல என்னிடம் அவ்வளவுதான் இருக்கிறது.

இன்றைக்குக் கணினியில் எந்த மாற்றமும் செய்யவில்லை.


நவம்பர் 17

பழைய டிரைவரைப் போட்டேன். பழையதற்கும் பழையதைப் போட்டேன். ஒன்றுதான்.

துணி துவைத்தேன். காயவில்லை. இரண்டு நாளாக ஒரே சட்டை.


நவம்பர் 18

இணையத்தில் இந்தப் பிரச்சினையைப் பற்றி உலகம் முழுக்க ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் கடைசியில் 'சரியாகிவிட்டது, நன்றி' என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்படிச் சரியானது என்று ஒருத்தரும் சொல்வதில்லை.


நவம்பர் 20

கிப்சனிடம் இதுவரை செய்தது எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "அப்பம் கார்டு போச்சுடே. செத்துப்போச்சுன்னு வச்சுக்க. ஒண்ணு நல்லா ஓடுதுல்லா? அத வச்சு ஓட்டு. ஒண்ணாவது மிஞ்சுச்சேன்னு சந்தோசப்படு" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இந்த மாதத்தில் எனக்கு வந்த முதல் ஆத்திரம் இது என்று நினைக்கிறேன். "தெறந்து பாக்காம செத்துப்போச்சுன்னு எப்படிடே சொல்லுவ? ஒண்ணு இருக்குல்லா, ஒண்ணு இருக்குல்லான்னு எல்லாரும் எங்கிட்டயே வந்து சொல்லுதீய. ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இல்லாமப் போயிருமா?" என்று கத்தினேன். நான் எதைச் சொன்னேன் என்பது எனக்கு முன்னால் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "சாப்ட்டியா?" என்று கேட்டான். போனை வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு திருப்புளியை எடுத்து மூடியைத் திறந்தேன்.

மேலே இருக்கும் கார்டின் கறுப்பு உறையில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது. வட்டமாக, நடுவில் குங்குமத்தோடு, ஒரு விரிசல்கூட இல்லாமல். பார்ப்பேன் என்று தெரியும். இதற்காகத்தான் இத்தனை நாளாக மூடியைத் திறக்காமல் மழை, மழை என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டேன், போகட்டும்.

கீழே இருக்கும் கார்டின் உறையில் பொட்டு இல்லை. இரண்டுக்கும் வைக்கத்தான் இருந்தாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குனிய முடியாது என்று அவளுக்காக இரண்டு கார்டையும் கழற்றி மேஜையில் துண்டு விரித்து வைத்தேன். ஒன்றுக்கு நான் இடம் காட்டினேன், வைத்தாள். அதற்குள் கான்ட்ராக்டர் போன். பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டேன். "ஒண்ணு போதாதா?" என்று போகிற போக்கில் நான் கேட்டதும், "ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம விட்டா கோவிச்சுக்கிடும்" என்று அவள் சொன்னதும் நினைவிருக்கிறது. திரும்பி வந்து, போனைத் தோளில் இடுக்கியபடியே இரண்டு கார்டையும் எடுத்து மாட்டிவிட்டேன்.

கீழ்க் கார்டைக் கழற்றினேன். திருப்பிப் பார்த்தேன்.

கார்டின் அடி ஓரத்தில், கணினிக்குள் செருகுகிற இடத்தில், சின்னச் சின்னத் தங்க முலாம் பற்கள் வரிசையாக இருக்கும். கார்டு பேசுவதெல்லாம் அதன் வழியாகத்தான். அதன் மேல் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. பாதி, செருகினபோது வழிந்திருக்கிறது. மீதிப் பாதியில் அவள் மோதிர விரலின் ரேகை தெரிகிறது.

கிப்சனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் கூப்பிட்டுச் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "பள்ளிக்கூடப் பிள்ளைக வச்சிருக்குமே அழிரப்பர், அத வச்சு மெதுவாத் தேய். போயிரும்" என்றான்.

தெருமுனைக் கடையில் அழிரப்பர் வாங்கி வந்தேன். அதையும் கார்டையும் துண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.


நவம்பர் 21

தேய்க்கவில்லை. நானே செண்பகாவைக் கூப்பிட்டேன்.

"ஆயுத பூசைக்கு ரெண்டாவது கார்டுல எங்க பொட்டு வச்ச?"

குழந்தை சப்புக்கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எதுக்குக் கேக்கீய?"

"சும்மா சொல்லேன்."

"அடியில வச்சேன். கவுத்து வச்சிருந்தீய. அந்தப் பக்கம் முழுக்கக் குத்துக் குத்தா முள்ளு மாதிரி இருந்துச்சு. அடியில மட்டும் தங்கமா மின்னிச்சு. சாமிக்கு வைக்கிறதுல்லா, நல்ல இடமாப் பாத்து வச்சேன். ஏன், அங்க வைக்கப்பிடாதோ?"

"வைக்கலாம்" என்றேன்.

"பாத்தீங்களா? நல்ல இடம்னா எதுன்னு நான் சொல்லிட்டேன். அடியில, தங்கமா மின்னுத இடத்துலன்னு. நீங்க கேட்டீய, நான் சொன்னேன். நானும் இத்தன நாளா ஒங்ககிட்ட அதத்தான கேக்கேன்."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை.

"எனக்குத் தெரியாது, செண்பகா. பெரியப்பா என்னக் கூட்டிட்டுப் போகல" என்றேன்.

"ஒங்களுக்கும் தெரியாதா?" என்றாள். இத்தனை நாளாக நான் தெரிந்துகொண்டே மறைக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். "அப்பம் அவனுக்கு நாம ரெண்டு பேருமே இல்லையா?"


நவம்பர் 22

கோபாலசமுத்திரம் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே.

பெரியப்பா அடுப்பில் ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா போன பிறகு அவரேதான் பொங்கிச் சாப்பிடுகிறார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒருமுறை முத்திரை குத்தினால் குத்தினதுதான்.

"எடத்தக் காட்டுங்க, பெரியப்பா."

"அது மட்டும் கேக்காதடே. வேற என்ன வேணும்னாலும் கேளு."

வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். ரசத்தில் உப்பில்லை. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பேப்பர் படித்தார். பேப்பரைத் திருப்பிப் படித்தார். படுத்துப் பார்த்தார், எழுந்து வந்தார்.

"என்னடே இது, ரேசன் கடையில உக்காந்த மாதிரி உக்காந்திருக்க? வையணும்னா வையி. சண்ட போடணும்னா போடு. இப்படி இருந்தா நான் என்ன செய்ய?"

"அவ ஒரே ஒரு கேள்விதான் பெரியப்பா கேக்கா. பெத்தவனுக்கே தெரியாதுன்னு எப்படிச் சொல்ல? நேத்து சொல்லிட்டேன். அப்பம் அவனுக்கு நாம ரெண்டு பேருமே இல்லையான்னு கேக்கா."

"தாய் வந்தா அடுத்தது தங்காதுடே. ஒங்க நல்லதுக்குத்தான சொல்லுதேன்."

"அடுத்தது தங்கிருச்சு, பெரியப்பா. அம்பாசமுத்திரத்துல இருக்கு. அதுக்குப் பேர் இல்ல. நான் போயி ஒரு மாசமாப் பாக்கல. அவள நாங்க தங்க வைக்கலன்னா யாரு வைப்பா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கொல்லைக் கதவைத் திறந்து நடக்க ஆரம்பித்தார். வா என்று சொல்லவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

அவருடைய தோப்புதான். வாய்க்காலை ஒட்டின தென்னை வரிசைக்கு உள்ளே, தண்ணீர் ஏறாத மேட்டில், ஒரு உடைந்த அம்மிக்கல்லைப் போட்டு வைத்திருக்கிறார். சுற்றி இலந்தை முள் வெட்டி நெருக்கமாக அடைத்திருக்கிறார். சில முள் காய்ந்தது, சில முள் பச்சை. காய்ந்ததை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்று தெரிந்தது.

"தெனமும் வருவீங்களா?"

"நாய் கெடக்குல்லா ஊருக்குள்ள" என்றார். பிறகு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மொகத்தக் கடைசியா நான்தான்டே பாத்தேன். ஒங்க அப்பன் மூக்கு. அப்படியே கொடமொளகா மூக்கு. யார்கிட்டயும் சொல்ல முடியல, பாத்துக்க. வீட்ல அவளும் இல்ல."

நான் கல்லைப் பார்த்தேன். சுற்றிலும் பார்த்தேன். காலை வெயில் எந்தப் பக்கம் இருந்து வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும், எந்த மரத்தின் ஓலை மேலே விழும் என்றெல்லாம் பார்த்தேன். கேட்பாள்.


நவம்பர் 23

அம்பாசமுத்திரம்.

அத்தை வாசலில் வைத்தே ஆரம்பித்துவிட்டார், பனியன் ஏன் இவ்வளவு அழுக்கு என்று. உள்ளே போனேன். செண்பகா கட்டிலில் சாய்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். காலை மடக்கி எனக்கு இடம் விட்டாள்.

"கோவாலசமுத்திரத்துல, பெரியப்பா தோப்புல."

"தோப்புல எங்க?"

"வாய்க்கால ஒட்டி. மேட்டுல. தண்ணி ஏறாது. மேல அம்மிக்கல் போட்டிருக்கு. முள்ளு அடைச்சிருக்கு, நாய் வராது. பெரியப்பா தெனமும் பாத்துக்கிடுதாவ."

"வெயில் வருமா?"

"காலையில வரும். மத்தியானத்துக்கு மேல தென்னை நெழல்."

"தேங்கா விழுமா?"

"விழாது. பாத்தேன். மரம் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு."

அதன் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது முடிந்துவிட்டது போல மூச்சு விட்டாள். குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். கழுத்து நிற்கவில்லை, பிடிக்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். குடமிளகாய் மூக்கு. பெரியப்பா அதைச் சொன்னதையும் சொன்னேன். அப்போதுதான் செண்பகா அழுதாள். நான் குழந்தையைப் பிடித்திருந்ததால் கண்ணைத் துடைத்துவிடக்கூட முடியவில்லை. நல்லதுதான், அவள் பாட்டுக்கு அழுதாள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.


நவம்பர் 24

கான்ட்ராக்டருக்கு யானை நீலத்தில் வேண்டுமாம். ஒரே கார்டில் ஓடட்டும் என்று போட்டுவிட்டேன்.


நவம்பர் 30

பேர் வைத்தாயிற்று. பொருநை. எங்கள் தாமிரபரணியின் பழைய பேர். "ஆத்துப் பேரையா பிள்ளைக்கு வைப்பாவ?" என்று அத்தை நேற்றே முனகினார். இன்று காதில் மூன்று தரம் சொல்லும்போது எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது அவர்தான்.

பெரியப்பா வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். செண்பகாவின் பக்கத்து வீட்டுக்காரம்மா குழந்தையின் கன்னத்தை வழித்து, "தலைச்சன் பொண்ணு, மகாலட்சுமி" என்றார். செண்பகா நிமிர்ந்தாள். அத்தை வாயைத் திறந்தார். நானும் ஏதோ சொல்லப் போனேன்.

பெரியப்பா எங்களுக்கு முன்னால் சொல்லிவிட்டார். "ரெண்டாவதும்மா. இவளுக்கு மூத்தவன் இருக்கான்."

அந்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பாயசம் வந்துவிட்டது.


டிசம்பர் 6

செண்பகாவையும் பொருநையையும் ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறேன். அத்தையும் கூட. வருகிற வழியில் காரைக் கோபாலசமுத்திரத்துக்குத் திருப்பினோம்.

பெரியப்பா முள்ளை ஒரு பக்கமாக விலக்கி வழி வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் வாய்க்கால் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். "நான் ஒண்ணும் பாக்கலடே. யார் வந்தா, யார் போனான்னு எனக்குத் தெரியாது" என்றார். செண்பகா பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். கல்லைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள், எங்கே வைப்பது என்று. அரைத்து அரைத்து வழவழப்பாகியிருந்த நடுப்பகுதியில் வைத்தாள். குங்குமமும் வைத்தாள். குனிந்து கல்லிடம் ஏதோ ஒரு பேர் சொன்னாள். அவள் வைத்த பேர். எனக்குக் கேட்டது.

அங்கேயே கிடப்பாள் என்று பெரியப்பா பயந்தார். அப்படியெல்லாம் இல்லை. பிள்ளைக்குப் பசி என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மேஜையில் துண்டின் மேல் இருந்த கார்டைப் பார்த்தாள். பக்கத்தில் பிரிக்காத அழிரப்பரையும் பார்த்தாள்.

"இத அழிக்காமயா வச்சிருக்கீய?"

"ம்."

"வேலை ஓடலன்னு அந்த ஆளு யானைக்கு நாயா அலையுதாரு. இங்க குடுங்க." உட்கார்ந்து கார்டை மடியில் வைத்து, தங்கப் பல் ஒவ்வொன்றாக, பதமாகத் தேய்த்தாள். சந்தனத்தூள் அவள் சேலையில் உதிர்ந்தது. "அடுத்த வருசம் வைக்கும்போது எங்க வைக்கணும்னு காட்டுங்க. போனப் பேசிட்டுப் போயிராதீங்க" என்றாள். மேல் கார்டில் இருந்த பொட்டை மட்டும் தொடவில்லை. அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை என்றாள்.

மாட்டினேன். மூடியை மூடாமலே போட்டேன். விசிறிகள் சுற்றின. திரை வர நேரமானது. செண்பகா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே என் பின்னால் நின்றாள்.

திரை வந்ததும் கிப்சனைக் கூப்பிட்டேன். அவனிடம் கத்திய பிறகு நான் பேசவே இல்லை. எடுத்தவுடன், ஒன்றுமே நடக்காத மாதிரி, முதல் நாள் கேட்டதைத்தான் கேட்டான்.

"எத்தன காட்டுது?"

"ரெண்டு" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான் என்று பார்த்தேன். வைக்கவில்லை. நான் மறுபடி சொன்னேன், ரெண்டுடே, ரெண்டு. அதற்குமேல் எனக்கு அழுகைதான் வந்தது. செண்பகா என் கையிலிருந்து போனை வாங்கி, "அண்ணே, அவங்க பொறவு பேசுவாங்க" என்றாள்.